தண்ணீர் இறங்கவில்லையா? அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்

சிங்கில் தண்ணீர் நின்றுவிட்டால் பலருக்குக் கை முதலில் போவது ஆசிட் பாட்டிலுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். என்ன அடைத்திருக்கிறது என்பதைவிட எங்கே அடைத்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் ஊற்றிய ஆசிட் அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கும். அடுத்து ட்ராப்பைக் கழற்றுகிறவர் கையில்தான் அது கொட்டும்.

கழிவுநீர் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க், வாஷ் பேசின், குளியலறைத் தரை என ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ட்ராப் உண்டு. அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும். கம்மோட்டுக்கு அந்த வளைவு பீங்கானிலேயே இருக்கிறது. ட்ராப்பைத் தாண்டினால் கிளைப் பைப். கிளைகள் எல்லாம் சேருமிடம் மெயின் லைன். அது வழியில் மூடி போட்டுக் கட்டிய சின்னத் தொட்டிகளான சேம்பர்களை ஒவ்வொன்றாகக் கடந்து பாதாளச் சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ போய் முடியும். ஆக, வீட்டுக்குள் அடைப்பைத் தேட வேண்டிய இடம் மூன்றுதான்: ட்ராப், கிளை, மெயின்.

வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் ஊற்றும்போது இன்னொருவர் மற்ற இடங்களைக் கவனிக்கட்டும்.

ஒரே ஒரு இடம் மட்டும் மந்தம் என்றால் அதன் ட்ராப்பிலோ அதை ஒட்டிய பைப்பிலோ கோளாறு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று மட்டும் மந்தம், மற்றவை நன்றாக இறங்குகின்றன என்றால் அவற்றுக்குப் பொதுவான கிளையில். எங்கே ஊற்றினாலும் வீட்டிலேயே தாழ்வான இடத்தில், பெரும்பாலும் கீழ்த்தளக் குளியலறைத் தரையில், தண்ணீர் எட்டிப் பார்க்கிறது என்றால் மெயின். இந்தக் கடைசி வகைதான் உங்கள் வீட்டில் என்றால், நடுவில் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு நேராக "ஒரு இடத்தில் ஊற்றினால் இன்னொரு இடத்தில் பொங்குகிறது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

தூரத்தையும் ஓரளவு கணிக்கலாம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் விடாமல் வைத்தால், தேங்கியது மெல்லக் கசிந்து பைப் காலியாகும். காலையில் அளந்து ஊற்றுங்கள். 50 மி.மீ. பைப் மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும்; 100 மி.மீ. பைப் சுமார் 8 லிட்டர். சிங்கில் ஊற்றிய முதல் லிட்டரே நின்றுவிட்டால் அடைப்பு ட்ராப்பில். 6 லிட்டர் சரசரவென்று இறங்கிவிட்டுப் பிறகு நின்றால் ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி. துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் ட்ராப்பைக் கழற்றுவதில் பயன் உண்டா, பைப்புக்குள் விட்டு அடைப்பைக் குத்தும் ஸ்பிரிங் கம்பி எவ்வளவு நீளம் வேண்டும் என்ற இரண்டுக்கும் இது பதில் சொல்லிவிடும்.

வாஷ் பேசின் மட்டும் மெதுவாக இறங்குகிறது

முடியும் சோப்பும் பற்பசையும் சேர்ந்த சாம்பல் நிறக் கூழ்தான் இங்கே வழக்கமான காரணம். அழுத்தினால் மூடித் திறக்கும் பாப்-அப் மூடி என்றால் பெரும்பாலும் இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். அதன் தண்டில் சுற்றியிருக்கும் முடியை எடுத்தாலே பல பேசின்கள் சரியாகிவிடும். இன்னும் கீழே முடி இருந்தால், ஓரங்களில் முள் முள்ளாக வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கும். உள்ளே விட்டுத் திருப்பி இழுத்தால் போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப். கீழே வாளியை வைத்துவிட்டு அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் துணி சுற்றிப் பிடியுங்கள். ரெஞ்ச் போட்டு இழுத்தால் பிளாஸ்டிக் மரை போய்விடும். கிண்ணத்தை மட்டும் கழுவிவிட்டு மூடிவிடாதீர்கள், உள்ளே தொங்கும் சின்னக் குழாயின் உட்பக்கத்தையும் சுரண்டுங்கள். திரும்ப மாட்டும்போது வாஷர் மடங்காமல் உட்கார வேண்டும். பிறகு பேசினை விளிம்புவரை நிறைத்து ஒரே மூச்சில் விட்டு, மூட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குப் படாத கசிவு தாளில் தெரியும்.

ட்ராப் சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் சுவருக்குள் போகும் பைப்பில்தான் அடைப்பு. ட்ராப்பைக் கழற்றிய நிலையிலேயே ஸ்பிரிங் கம்பியைச் சுவர்ப் பைப்புக்குள் விடுங்கள். பேசின் வழியாக விட்டால் ட்ராப்பின் வளைவிலேயே அதன் பலம் தீர்ந்துவிடும். கம்பியை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஸ்பிரிங் பிரிந்து உள்ளேயே சிக்கும். பைப் திரும்பும் எல்போவில் முட்டுவதற்கும் அடைப்பில் முட்டுவதற்கும் கையில் வித்தியாசம் தெரியும். எல்போ என்றால் கெட்டியாக நிற்கும், சுற்றிக்கொண்டே தள்ளினால் சட்டென்று வழுக்கிப் போகும். அடைப்பு என்றால் கொஞ்சம் அமுங்கும், விட்டால் திரும்பத் தள்ளும்.

கம்பியை வெளியே இழுத்ததும் உடனே துடைத்துவிடாதீர்கள். நுனியைப் பாருங்கள். சாம்பல் கூழும் முடியும் என்றால் சாதாரண அடைப்பு. வெள்ளை அல்லது மஞ்சள் பசை என்றால் கொழுப்பு. பழுப்பு நிறத்தில் மெல்லிய நார் என்றால் மரவேர். மண் ஒட்டியிருந்தால் நிலைமை மோசம், பைப் எங்கோ உடைந்திருக்கிறது.

சமையலறை சிங்க் நாளுக்கு நாள் மந்தமாகிறது

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று நின்றால் ஏதோ உள்ளே விழுந்திருக்கிறது: பாட்டில் மூடி, ஸ்க்ரப்பர் துண்டு, சின்னக் கரண்டி. ட்ராப்பைக் கழற்றினால் கிடைத்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமானால் கொழுப்பு.

எண்ணெயும் கொழுப்பும் சூடாக இருக்கும்போது தண்ணீரோடு ஓடிவிடும். சுவருக்குள் போய் ஆறியதும் பைப்பின் உட்சுவரில் படியும். நாளாக ஆக அது வெறும் கொழுப்பாகவும் இருப்பதில்லை. அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம் கழிவுநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாகிக் கெட்டிப்படுகிறது. லண்டனில் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் 2017-ல் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. உங்கள் சிங்குக்குக் கீழே நடப்பதும் அதே வேதியியல்தான், அளவுதான் சின்னது.

ஆரம்பக் கட்டம் என்றால் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் வேலை செய்யும். சிங்கை அடைத்து, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் தண்ணீரை நிறைத்து, திரவத்தைக் கலந்து, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பைப்பின் அடிப்பகுதி மட்டும் நனையும். நிறைத்துவிட்டால் பைப் முழுக்க நிரம்பி, தண்ணீரின் எடையும் சேர்ந்து தள்ளும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். சாதாரண பிவிசி பைப் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து தாங்காது, 80 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கும். மூட்டுகள் நெகிழ்ந்து, பிறகு கசிவைத் தேட வேண்டிவரும்.

அடுத்தது பிளஞ்சர், அதாவது ரப்பர் கிண்ணம் வைத்த பம்ப். இதைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு "பம்ப் எல்லாம் வேலைக்காகாது" என்பவர்கள் அதிகம். கிண்ணம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் காற்றுதான் சுருங்கும், அழுத்தம் அடைப்புக்குப் போகாது. இரட்டைச் சிங்க் என்றால் மற்றதன் வாயை ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். பேசின் என்றால் மேலே உள்ள ஓவர்ஃப்ளோ துளையை அடைக்க வேண்டும். முதல் அமுக்கலை மெதுவாகச் செய்து கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு வேகமாகப் பதினைந்து இருபது தடவை. தள்ளுவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். முன்னும் பின்னும் ஆடினால்தான் அடைப்பு பிடிவிடும்.

சிங்குக்கு அடியில் மடிப்பு மடிப்பான ஃபிளெக்ஸிபிள் பைப் இருக்கிறதா? அதை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு மடிப்பும் கொழுப்பு உட்கார ஓர் இடம். நீளம் கூடி நடுவில் தொய்ந்திருந்தால் அங்கே எப்போதும் கழிவு தேங்கி நிற்கும். வழவழப்பான பைப்பும் சரியான ட்ராப்பும் போட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

ஸ்பிரிங் கம்பி கொழுப்பு அடைப்பில் ஓட்டை போடும், அவ்வளவுதான். தண்ணீர் இறங்கும், எல்லாரும் சந்தோஷப்படுவோம், சில வாரத்தில் ஓட்டை மூடிக்கொள்ளும். அப்படித் திரும்பி வந்தால் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சும் ஜெட்டிங்தான் பைப்பின் சுவரைச் சுரண்டி எடுக்கும்.

ஊற்றும் மருந்துகள்

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் உப்பும் காற்றில் போகும் கார்பன் டை ஆக்சைடும்தான். லேசான வாடைக்கு உதவலாம். அடைப்பை எடுக்கும் என்று நம்பாதீர்கள்.

கடையில் விற்கும் துகள் மருந்துகளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அது முடியையும் கொழுப்பையும் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரில் பட்டதும் கடுமையாகச் சூடாகும். முழுக்க அடைத்த பைப்பில் போட்டால் ஓடவும் வழியில்லாமல் அங்கேயே கொதித்து, சில சமயம் தானே கட்டியாக இறுகி இன்னொரு அடைப்பாகிவிடும். கொஞ்சமாவது தண்ணீர் ஓடும் மந்தமான பைப்புக்கு மட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அலுமினியத்தில் படவிடாதீர்கள், ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

எந்தச் சூழலிலும் இரண்டு மருந்தைக் கலக்காதீர்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது ஆளை அடித்துவிடும். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. காஸ்டிக் ஊற்றிய பைப்பில் ஆசிட் ஊற்றினால் கொதித்து மேலே பீறிடும். முன்பு யாராவது எதையாவது ஊற்றியிருந்தால் பிளஞ்சர் போடவும் கூடாது. ப்ளம்பரைக் கூப்பிட்டால் வந்தவுடன் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

பாக்டீரியா, நொதிப் பொடிகள் வேறு ரகம். அவை மெதுவாகப் படிவைத் தின்னும், அடைப்பு வராமல் இருக்க உதவும். நின்றுபோன தண்ணீரை அவை இறக்காது.

குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறது

சல்லடையைத் தூக்கினால் அடியில் ஒரு கவிழ்ந்த கிண்ணம் இருக்கும். அதைச் சுற்றித்தான் முடி மாலை போட்டிருக்கும். கிண்ணத்தை எடுத்து, கையுறை போட்ட கையால் வழித்தெடுத்து, ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். பெரும்பாலும் முடிந்துவிடும்.

கிண்ணத்தைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். "இது இருந்தால்தான் சார் அடைக்கும்" என்று சொல்லி அதைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கீழே வேறு ட்ராப் இல்லாத வீட்டில் அந்தக் கிண்ணம்தான் ட்ராப். அது போனால் தண்ணீர் நன்றாக இறங்கும், சாக்கடை வாடையும் நன்றாக ஏறும்.

தண்ணீர் சல்லடைக்கே வராமல் வேறு மூலையில் தேங்கினால் அது அடைப்பே இல்லை. தரை வாட்டம் சரியில்லை, கொத்தனார் வேலை.

கம்மோட்டில் தண்ணீர் ஏறி, மெல்ல இறங்குகிறது

தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் இன்னொரு தடவை ப்ளஷ் செய்யாதீர்கள். சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, மட்டம் இறங்கும்வரை காத்திருங்கள்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஓரளவு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். வாளித் தண்ணீருக்கு நன்றாகப் போகிறது, ப்ளஷ் செய்தால் மட்டும் போகவில்லை என்றால் அடைப்பு இல்லை. ப்ளஷ் டேங்கில் தண்ணீர் குறைவாக நிரம்புகிறது, அல்லது விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளில் உப்புப் படிந்திருக்கிறது. ஒரு சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்தால் அடைபட்ட துளைகள் தெரியும்.

வாளித் தண்ணீருக்கும் ஏறுகிறது என்றால் அடைப்புதான். அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் கழுத்து நீட்டிய பிளஞ்சர் கம்மோட்டுக்கென்றே உண்டு. தட்டையான கிண்ணம் அந்த வாயில் சரியாக உட்காராது. அதற்கும் நகரவில்லை என்றால் கம்மோட்டுக்கான ஆகர். அதன் வளைந்த குழாயில் ரப்பர் உறை இருக்கும், பீங்கானில் கீறல் விழாது. வெறும் ஸ்பிரிங் கம்பியை விட்டால் கறுப்புக் கோடு கோடாக விழும், தேய்த்தாலும் எளிதில் போகாது.

ஈரத் துடைப்பான்கள், டயப்பர், சானிட்டரி நாப்கின் இவற்றில் எதையும் கம்மோட்டில் போடக்கூடாது, பாக்கெட்டில் "ப்ளஷ் செய்யலாம்" என்று அச்சடித்திருந்தாலும். கழிப்பறைத் தாள் தண்ணீரில் சில நிமிடத்தில் பிரிந்துவிடும். ஈரத் துடைப்பானை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், துணியாகவே இருக்கும்.

இறங்குகிறது, ஆனால் களக் களக் என்று சத்தம்

தண்ணீர் கீழே போக மேலிருந்து காற்று வர வேண்டும். உறிஞ்சு குழாயில் தண்ணீரை இழுத்து மேல்வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் கீழே விழாது அல்லவா, அதே கதைதான். அந்தக் காற்றுக்காகத்தான் வென்ட் பைப் மொட்டைமாடிக்கு மேலே போகிறது. அது அடைத்தால் ஓடும் தண்ணீர் பக்கத்து ட்ராப்புகளிலிருந்து காற்றை இழுக்கும். ட்ராப்பில் நிற்க வேண்டிய 50 மி.மீ. அளவுத் தண்ணீரும் அதோடு உறிஞ்சப்பட்டுப் போகும். முதலில் சத்தம், சில நாளில் வாடை.

வென்ட் வாயில் பறவைக் கூடு, சருகு, கூரை வேலை செய்தபோது கவிழ்த்து வைத்த டப்பா, எதுவும் இருக்கலாம். மாடியில் பத்திரமாக எட்ட முடிந்தால் பாருங்கள். சாய்ந்த கூரை என்றால் ஆளை வையுங்கள். எடுத்ததும் மேலே வலை மூடி போடுங்கள்.

வென்ட் சுத்தமாக இருந்தும் சத்தம் வந்தால் அது மெயின் லைன் பாதி அடைத்ததன் முன்னறிவிப்பு. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே சேம்பரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அடைப்பு இல்லை, நாற்றம் மட்டும்

புழங்காத குளியலறையா? ட்ராப் வறண்டிருக்கும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் தீரும். பல மாதம் பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும்.

ட்ராப்பின் வளைவு வைத்த கழிப்பறைக்கு 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை அந்த ஏற்பாட்டுக்கு மேலான மாற்று வரவில்லை. சில கோப்பை தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே நிற்கும் கதவு.

வடிகால் அருகே சின்ன அந்துப்பூச்சி மாதிரி ஈக்கள் பறந்தால், வாய்க்குள் படிந்த வழவழப்பான படலத்தில் முட்டையிடுகின்றன என்று அர்த்தம். ஒட்டும் டேப்பை ஒட்டுப்பக்கம் கீழாக, காற்றுப்போக இடைவெளி விட்டு, ராத்திரி வாயின் மேல் ஒட்டி வையுங்கள். காலையில் ஈ ஒட்டியிருக்கும் வடிகால்தான் அது. மருந்தடித்துப் பயனில்லை, பிரஷ் போட்டுப் படலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

ஒரு இடத்தில் ஊற்றினால் இன்னொரு இடத்தில் பொங்குகிறது

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது கம்மோட்டில் மட்டம் ஏறுகிறது. ப்ளஷ் செய்தால் குளியலறைத் தரையில் குமிழி வருகிறது. மாடியில் குளித்தால் கீழ்த்தளத்தில் கறுப்புத் தண்ணீர். இவை மெயின் லைன் அடைப்பின் அடையாளங்கள். அடுக்குமாடி என்றால் செங்குத்துப் பைப்பின் அடியில் அடைத்தாலும் இப்படித்தான்: மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு குறையும் தெரியாது, அவர்கள் தண்ணீரெல்லாம் கீழ்வீட்டில் ஏறும். ஆகவே முதல் வேலை எல்லா வீட்டிலும் தண்ணீரை நிறுத்தச் சொல்வது. அடுத்தது, தரையில் ஏறிய கழிவுநீர் பக்கத்து அறைக்குப் போகாமல் துணி போட்டு அணை கட்டுவது. வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தண்ணீர் பிளக் பாயிண்ட் அருகே போனால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

பிறகு சேம்பர். மூடியை நெம்பித் தூக்கியதும் குனிந்து பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் காற்று போகட்டும். பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் எதுவும் கூடாது, மீத்தேன் இருக்கலாம். திறந்து வைத்திருக்கும் நேரம் முழுக்கக் குழந்தைகள் பக்கத்தில் வராமல் ஒருவர் நிற்கட்டும்.

வீட்டை ஒட்டிய சேம்பரிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும் திசையில் ஒவ்வொன்றாகத் திறவுங்கள். இங்கே கணக்கு எளிது. நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. வீட்டை ஒட்டிய முதல் சேம்பரே காலி என்றால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையில். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் அடைப்பு கடைசிச் சேம்பரையும் தாண்டி: செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம், அல்லது தெரு லைனில் கோளாறு. தெரு லைன் என்றால் உள்ளாட்சி அமைப்பில் புகார் கொடுங்கள். பக்கத்து வீட்டிலும் அதே நிலையா என்று விசாரித்துவிட்டுச் சொன்னால் சீக்கிரம் கவனிப்பார்கள். உங்கள் பக்கமிருந்து ஆயிரம் தடவை குத்தினாலும் அது சரியாகாது.

இடையில் உள்ள அடைப்பை, ஒன்றோடொன்று திருகி மாட்டும் ராடுகளால் எடுக்கலாம். ராடுகளை எப்போதும் வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் மரை கழன்று பாதி ராடு பைப்புக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் அதுவே அடைப்பு. காலிச் சேம்பர் பக்கமிருந்து மேல்நோக்கிக் குத்துவது கைக்குச் சுத்தமான வழி. ஆனால் அடைப்பு விட்டதும் தேங்கிய அத்தனையும் உங்களை நோக்கிப் பாய்ந்து வரும். பைப் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் காலிச் சேம்பரின் வெளிவாயில் ஒரு வலையைப் பிடித்தால் கட்டிகள் அடுத்த பகுதியில் போய் அடைக்காது. கடைசியில் மேலிருந்து நாலைந்து வாளித் தண்ணீரை ஒரே நேரத்தில் விட்டுக் கழுவுங்கள்.

சேம்பர் இல்லாத இடத்தில் பைப்பிலேயே மூடி வைத்த டோர் டீ அல்லது டோர் எல்போ இருக்கும். நிரம்பி நிற்கும் பைப்பில் அந்த மூடியை ஒரேயடியாகத் திறந்தால் மாடி உயரத் தண்ணீரும் மேலே விழும். ஒவ்வொரு ஸ்குரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஓரத்தில் கசியவிட்டு, அழுத்தம் குறைந்த பிறகு முழுக்கத் திறவுங்கள்.

சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ யாரும் இறங்கக்கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. அங்கே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில்தான் அழுகிய முட்டை வாடை தரும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். சில நூறு பிபிஎம்மைத் தாண்டினால் மூச்சுத் திணறி ஆள் சாய்ந்துவிடுவார். வாடை இல்லை என்பது பாதுகாப்பின் அறிகுறி இல்லை. முதலில் மயங்கியவரைத் தூக்க இறங்கியவர்களும் சேர்ந்து இறந்துபோவது இதனால்தான். ராடு, ஜெட்டிங், உறிஞ்சும் லாரி என்று மேலே நின்றே செய்ய எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. "ஆள் இறங்கினால் சீக்கிரம் முடிஞ்சுடும் சார்" என்று சொல்கிறவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

மழை பெய்தால் மட்டும் ஏறுகிறது

மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாரோ கழிவுநீர் லைனில் சேர்த்திருப்பார்கள். அதைப் பிரித்து விடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் ஏறினால் தெரு லைன் மழையில் நிரம்பி உங்கள் பக்கம் திரும்புகிறது. கடைசிச் சேம்பரில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பது நினைவிருக்கட்டும். மழை நேரத்தில் வாஷிங் மெஷின் போட்டால் சொந்தத் தண்ணீரே வீட்டுக்குள் ஏறும்.

செப்டிக் டேங்க் வீட்டில் மழைக்குப் பிறகு மந்தமாவது, டேங்கைச் சுற்றி நிலம் நசநசவென்று இருப்பது, அங்கே மட்டும் புல் செழிப்பது இவையெல்லாம் நீர் உறிஞ்ச வேண்டிய நிலம் நிறைந்துவிட்டதைக் காட்டும். அடியில் சேரும் சகதி டேங்கின் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதற்குள் எடுக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்று வரும். சகதியைத் தாண்டவிட்டால் அது வெளியே போகும் பைப்பையும் நிலத்தையும் அடைக்கும், பிறகு டேங்கைக் காலி செய்தாலும் பழைய நிலை திரும்பாது.

எடுத்த அடைப்பு அதே இடத்தில் திரும்ப வருகிறது

ஒரே இடத்தில் மாதாமாதம் அடைத்தால் பைப்பில்தான் குறை. அடைப்பை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் கூலிதான் தண்டம்.

பழைய பீங்கான் பைப்புகளில் மூட்டுச் சிமெண்ட் விரிசல் விட்டதும் மரவேர் நூல் மாதிரி நுழையும். உள்ளே ஈரமும் காற்றும் சத்தும் இருப்பதால் கற்றையாக வளர்ந்து தாளையும் கொழுப்பையும் பிடித்து வைக்கும். வேரை வெட்டலாம், ஆனால் மூட்டைச் சரிசெய்யாத வரை அது திரும்ப வளரும்.

அடுத்த காரணம் வாட்டம். 100 மி.மீ. பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. அளவுக்கு இறக்கம் இருந்தால், தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாமல் ஓடித் திடப்பொருளையும் இழுத்துப் போகும். மண் அமுங்கிப் பைப் நடுவில் தொய்ந்தால் அந்தக் குழியில் கழிவு தங்கிக் கெட்டியாகும். புது வீடாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: டைல்ஸ் வேலையின்போது கழுவி விட்ட சிமெண்டும், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரௌட்டும் பைப்பின் அடியில் கல்லாகப் பிடித்திருக்கும். அதை ஜெட்டிங்கும் எடுக்காது, அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் ஊகித்துத் தரையை உடைக்காமல் கேமரா விட்டுப் பாருங்கள். லைனை முதலில் திறந்துவிட்டுத்தான் கேமரா விட வேண்டும்; தேங்கிய தண்ணீருக்குள் விட்டால் கலங்கல்தான் தெரியும். கேமரா ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். திரையில் மீட்டர் எண் ஓடுகிறதா, எந்த வாயிலிருந்து அளக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் தண்ணீருக்குள் முழுகி சில மீட்டர் கழித்து வெளியே வந்தால் அது தொய்வு. பைப் வட்டமாக இல்லாமல் நசுங்கித் தெரிந்தால் மேலே பாரம். மூட்டில் ஒரு பக்கம் படி மாதிரி தெரிந்தால் பைப் விலகியிருக்கிறது. முழு லைனையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், வீடியோவில் எந்த மீட்டரில் என்ன குறை என்று காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில்தான் குறை என்றால் அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும்.

தோண்டிப் புதுப் பைப் போட்ட பிறகு உடனே மண்ணைத் தள்ள விடாதீர்கள். அடியில் கல் இல்லாமல் மணல் பரப்பியிருக்கிறார்களா, ரசமட்டம் வைத்தால் வாட்டம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து மூன்று வாளி ஊற்றிக் கீழ்ச் சேம்பரில் வருவதைக் கவனியுங்கள். பிறகு சுவரிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.